சைவ ஓட்டலில் ஒரு சஹன்

என் வாப்பாவும் அவருடைய அண்ணனான பெரிய வாப்பாவும் மூன்று வருஷமும் நான்கு மாதமும் ஒரே சஹனில் உட்காரவில்லை. காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது ஓரம் உயர்ந்த பெரிய தட்டு. எங்கள் ஊர் விருந்தில் ஆளுக்கு ஒரு தட்டு கிடையாது. ஒரு சஹனைச் சுற்றி இரண்டு பேரோ மூன்று பேரோ உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவார்கள். நல்ல கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் எழுந்திருக்கமாட்டார். ஒரே சஹனில் கை வைத்தவர்களுக்குள் மனத்தாங்கல் இல்லை என்று பொருள். கை வைக்காவிட்டால் அதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

காரணம் ஒரு தந்தி. அண்ணனும் தம்பியும் கொழும்பில் ஒரே கடையில் வியாபாரம் செய்துகொண்டிருந்தபோது, என் பாட்டனாருக்கு உடம்பு மோசம் என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. அப்போது பெரிய வாப்பா டைபாய்டு காய்ச்சலில் பதினேழாவது நாளாகப் படுத்திருந்தார். அவரை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தந்தியைக் காட்டினால் காய்ச்சலோடு எழுந்து கப்பல் ஏறிவிடுவார் என்று பயந்த வாப்பா, சரக்கு எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஊருக்கு வந்தார். பாட்டனார் ஐந்தாம் நாள் இறந்துபோனார். பெரிய வாப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலும் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் தம்பியோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் வாப்பாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு அந்தத் தடை கிடையாது. நான் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பெரிய வாப்பா வீட்டுக்குப் போவேன். அவருடைய தட்டிலேயே சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்து வாப்பாவின் தட்டிலும் சாப்பிடுவேன். இதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

யுத்தம் முடிந்த சமயத்தில் என் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் வாப்பாவும் அவருடைய அண்ணனும் மாப்பிள்ளையின் வாப்பாவோடு ஒரே சஹனில் உட்கார்வது எங்கள் குடும்பத்து வழக்கம். பெரிய வாப்பா வராவிட்டால் அந்தச் சஹனில் ஓர் இடம் காலியாகக் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். அவர்கள் கேட்காமல் இருப்பதை நினைத்துத்தான் உம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. ராத்தாவோ ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

“பெரிய வாப்பா வரலன்னா நா அறைய விட்டு வெளிய வரமாட்டேன். மாப்பிள்ள வந்தா வந்த வழியே போகட்டும்.”

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்று திங்கட்கிழமை.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தானாக முன்வந்தவர் மாமா, அதாவது உம்மாவின் தம்பி. அவர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தா. ஆபீசுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு சைவ ஓட்டல் இருந்ததால் மத்தியானச் சாப்பாடு அவருக்கு அங்கேதான். மீன் இல்லாமல் தினம் ஒருவன் சோறு தின்கிறான் என்பதை எங்கள் ஊரில் பலர் நம்பவில்லை. நம்பிய சிலர் அவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

மாமாவின் யோசனை இதுதான். யார் வீட்டிலாவது இருவரையும் உட்கார வைத்தால் நடுவில் சஹன் வந்துவிடும். தனித்தனித் தட்டு வைத்தால் சண்டைக்குத் தண்டோரா போட்டது போல ஆகும். பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனால் அங்கே நம் ஊர்க்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள். சைவ ஓட்டலில் எல்லோருக்குமே தனித்தனி இலைதான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சேர்ந்து சாப்பிட்டதாக ஆகாது. சேராமலே அருகில் உட்கார அதைவிடத் தோதான இடம் ஏது? அருகில் உட்கார்ந்தால் பேச்சு வராமலா போகும்?

இதை அவர் உம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். வாப்பாவிடம் கல்யாண ஜவுளிக்கு என்றும், பெரிய வாப்பாவிடம் கொழும்பிலிருந்து வந்த பெட்டிக்குக் கையெழுத்துப் போட என்றும் சொல்லி, இருவரையும் அந்தத் திங்கட்கிழமையே தூத்துக்குடிக்கு வரவழைத்தார். பெரிய வாப்பா காலையில் முதல் பஸ்ஸில் போய்விட்டார். நானும் வாப்பாவும் இரண்டாவது பஸ்ஸில் போனோம். அது கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஆத்தூருக்கும் உப்பளங்களுக்கும் இடையில் மூன்று தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினார். நான்கு தடவை என்று வாப்பா பிற்பாடு சொல்வார். மூன்றுதான்.

ஜவுளிக்கடையில் வாப்பா புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா வியர்க்க வியர்க்க வந்தார்.

“மச்சான், வாங்க. சாப்புட்டுட்டு வந்து பாக்கலாம். புள்ள மொகம் வாடிப்போச்சு.”

என் முகம் வாடவில்லை. ஆனால் பசித்தது. அவரோடு போனோம்.

ஓட்டலில் இரண்டு கட்டு. வெளிக்கட்டில் நீள மேசைகளும் பெஞ்சுகளும். மேசைகள் ஆறு. உள்கட்டு வாசலில் சாதிப் பெயர் எழுதிய ஒரு பித்தளைப் பலகை தொங்கியது. குடுமி வைத்தவர்கள் மட்டும் அதைத் தாண்டிப் போனார்கள். எங்கள் வீடுகளில் உள்கட்டு பெண்களுக்கானது. இவர்கள் ஏன் பெண்கள் பக்கம் போகிறார்கள், யாரும் சத்தம் போடவில்லையே என்று நான் மாமாவைக் கேட்டேன். மாமா பேசாமல் வா என்றார்.

மூன்றாவது மேசையில் பெரிய வாப்பா உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் சோறு விழுந்து, குழம்பு ஊற்றியாகிவிட்டது. மாமா கெட்டிக்காரர். முதலில் அவரை உட்கார வைத்து, பரிமாறும்வரை நின்றுவிட்டுத்தான் எங்களை அழைக்க வந்திருக்கிறார். பரிமாறிய சோற்றை விட்டு எழுந்திருப்பவரல்ல பெரிய வாப்பா. அதுவும் ரேஷனில் புழுத்த அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில்.

வாப்பா அவரைப் பார்த்தார். அப்படியே திரும்பினார். மாமா கையைப் பிடித்தும் நிற்கவில்லை. ஆனால் நான் அதற்குள் ஓடிப்போய்ப் பெரிய வாப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் ஏறிக்கொண்டேன். எனக்கு அங்கே அவரைக் கண்டதில் ஆச்சரியம்கூட இல்லை, சந்தோஷம்தான்.

“வாப்பா, இங்கன இடம் இரிக்கிது!” என்று கூவினேன்.

ஆறு மேசையும் திரும்பிப் பார்த்தது. வாப்பா என்னை விட்டுவிட்டுப் போக முடியாமல், வந்து எனக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். மாமா எங்களுக்கு எதிரே, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். இருவருக்கும் நடுவில் தான் உட்காருவதாக அவர் போட்டிருந்த திட்டம் அத்தோடு போயிற்று.

பரிமாறுபவர் இலைக்கட்டோடு வந்தார். “பையனுக்குத் தனி இலையா, அண்ணாச்சி?”

“அவனுக்கு எதுக்கு?” என்றார் வாப்பா. சிக்கனத்துக்காக அல்ல. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தனித் தட்டு வைப்பது என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாத ஒரு காரியம்.

ஆகவே வாப்பாவுக்கு முன்னால் ஓர் இலை, பெரிய வாப்பாவுக்கு முன்னால் ஓர் இலை. எனக்கு முன்னால் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் பலகை. கட்டுப்பாட்டுக் காலமானதால் சோறு அளவுதான். ஓர் இலைக்குப் பித்தளைக் கிண்ணத்தால் இரண்டு கிண்ணம். கேட்டாலும் மூன்றாவது கிடையாது. சோற்றைச் சுற்றிலும் ஏழு வகை வைத்தார்கள். ஏழில் ஒன்றுகூட நீந்தியதில்லை.

மாமா மட்டும் சாம்பாரைப் புகழ்ந்தார், பிறகு ஓட்டலின் சுத்தத்தைப் புகழ்ந்தார், பிறகு மழை இல்லாததைப் பற்றிச் சொன்னார். இந்தப் பக்கம் வாப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பெரிய வாப்பா மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை மட்டும் என்னிடம் குனிந்து, “முருங்கக்காயில முள்ளு தேடாதே. சவச்சுட்டுத் துப்பு” என்றார். மாமா தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்.

எனக்கு அகோரப் பசி. வாப்பா இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் நான் ஏழு வாய் சாப்பிட்டேன். இலையில் என் பக்கத்துச் சோறு தீர்ந்துவிட்டது. பெரிய வாப்பாவின் இலையைப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் இருந்தது. எல்லா நாளும் செய்வது போலவே கையை நீட்டி அதில் ஒரு பிடி அள்ளினேன். அடுத்து வாப்பாவின் இலையில் கொஞ்சம் பொரியல். மறுபடியும் பெரிய வாப்பாவின் இலை.

எதிரே இருந்த விபூதிப் பெரியவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஏலே! எச்சிக் கைய எத்தனை இலையில வைப்பே? யாருவே இந்தப் பையன்? இங்கன மனுசன் சாப்பிடாண்டாமா?”

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். கெட்ட மனிதர் அல்ல. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டதால் நன்றாகவே கேட்டது.

“அண்ணாச்சி, நாலு பேரு வந்து போகுத எடம். பையனுக்கு இலை வேண்டாம்னு சொன்னிய, சரின்னேன். இப்பம் அந்த இலைக்கும் இந்த இலைக்கும் கை போகுது. பாக்கவங்களுக்கு அருவருப்பா இருக்காதா? பையனைக் கூட்டிட்டு வெளிய அந்த ஓரமா இருந்துக்கிடுங்க.”

வாப்பாவின் முகம் கறுத்துவிட்டது. வந்த இடத்தில், அதுவும் அண்ணனுக்கு முன்னால், எச்சில் என்ற வார்த்தையைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. அவர் கை ஓங்கியது. சோறு ஒட்டிய அதே கை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பெரிய வாப்பா என் தலைக்கு மேலாக வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“புள்ள மேல கை வெக்காதே.”

மூன்று வருஷம் நான்கு மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் பேச்சு. நான்கே சொற்கள்.

பிறகு கையை விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்தார். “இங்கன எத்தன எல இரிக்கிது, அண்ணாச்சி?”

“ரெண்டு.”

பெரிய வாப்பா தன் இலையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, சோறும் குழம்புமாக அப்படியே இழுத்தார். அது எனக்கு முன்னால் இருந்த வெறும் பலகையைத் தாண்டிப் போய் வாப்பாவின் இலைமேல் ஒரு விரற்கடை ஏறி நின்றது. ஒரு பக்கத்துச் சாம்பார் மறு பக்கத்துக்கு ஓடியது. கொஞ்சம் மேசையில் வழிந்து என் வேட்டியில் சொட்டியது.

“இப்ப எத்தன?”

பெரிய வாப்பாவே பதிலும் சொன்னார்.

“ஒண்ணுதான். எங்க ஊர்ல மூணு பேரு ஒரு தட்டுலதான் திங்கிறது. இவன் என் தம்பி, இது எங்க புள்ள. இதுல யாரு எச்சி யாருக்கு?”

முதலாளி இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“ஒரே இலைன்னா ரெண்டு கிண்ணந்தானே கணக்கு? நாலு கிண்ணம்லா விழுந்திருக்கு.”

“அதிகமா விழுந்தத அள்ளிக்கிட்டுப் போங்க, பாப்போம்.”

ஆறாவது மேசையில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஏலே, அந்த இலைக்கு ரசம் ஊத்து” என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார். விபூதிப் பெரியவர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அவர் பங்கு அப்பளம் முழுசாக இருந்ததைக் கவனித்தேன். கேட்க முடியவில்லை.

அதற்கு மேல்தான் சங்கடம். என்னைக் காப்பாற்றுகிற வேகத்தில் இழுத்த இலை. இழுத்தபிறகு அது சஹன் ஆகிவிட்டது. பெரிய வாப்பாவுக்கு அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையை இலையின்மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார். இனி தம்பி முடிக்கும்வரை எழுந்திருக்க முடியாது. தம்பியோ இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவே இல்லை.

வாப்பாவின் விரல்கள் இலையில் எதையோ தேடின. கறி இருந்தால் கறியைத் தள்ளியிருப்பார், மீன் இருந்தால் நடுத்துண்டைத் தள்ளியிருப்பார். இங்கே என்ன இருக்கிறது? கடைசியில் பொரியலுக்குள்ளிருந்து ஓர் உருளைக்கிழங்குத் துண்டைக் கண்டெடுத்து, இலைகள் ஒட்டிய இடத்தைத் தாண்டிப் பெரிய வாப்பாவின் பக்கம் தள்ளினார்.

பெரிய வாப்பா அதைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நம்ம வாப்பா கடைசியில என்னைய கேட்டாங்களா?”

“கேட்டாங்க, காக்கா” என்று அண்ணனிடம் சொன்னார் வாப்பா.

“எத்தன வாட்டி?”

“வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கையில எல்லாம்.”

“நீ என்ன சொன்னே?”

“கப்பல் ஏறியாச்சு, வந்துக்கிட்டு இரிக்கியன்னு சொன்னேன்.”

“நம்புனாங்களா?”

“பசியோட வருவான், அவனுக்குச் சோறு எடுத்து வைங்கன்னாங்க. கடைசி நாள் ராவுலயும் சொன்னாங்க. நம்ம உம்மா எடுத்து வெச்சாங்க.”

நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு முழுவதும் என் தலைக்கு மேலே நடந்தது. எனக்கு அப்போது இருந்த ஒரே கவலை மோர். மோரை எந்தப் பக்கம் ஊற்றினாலும் ஒட்டிய இடத்தின் வழியாக அது ஓடிவிடுமே, நான் எங்கே கை வைத்துத் தடுப்பது? மாமாவிடம் இதைக் கேட்டேன். மாமா மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரிய வாப்பா அந்த உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். சின்னத் துண்டுதான். அவ்வளவு மெல்ல அதில் ஒன்றும் இல்லை.

“தின்னு” என்றார் தம்பியைப் பார்த்து. “நீ முடிச்சாத்தானே நா எந்திரிக்க முடியும்.”

வாப்பா சாப்பிட்டார். மோர் வந்தது. நான் பயந்தபடியே ஓடியது. மூன்று பக்கமும் மூன்று கைகள் வைத்து அணை கட்டினோம்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தோம். வெயில் கொளுத்தியது. பெரிய வாப்பா குடையை விரித்தார், மறுபடியும் மடக்கினார். தெருவைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாதது போலக் கேட்டார்.

“புள்ளக்கி கல்யாணம் என்னைக்கி?”

வாப்பா ஓர் அடி முன்னால் வந்து அவர் எதிரே நின்றார். “வார வெள்ளிக்கி அடுத்த வெள்ளி, காக்கா. நீங்க வந்துதான் நடத்திக் குடுக்கணும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. தவறான கணக்கை எந்த வயதிலும் என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

“பெரிய வாப்பாவுக்குத்தான் தெரியுமே! நேத்து நா போனப்ப, ராத்தா கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள்னு அவங்கதானே எங்கிட்ட சொன்னாங்க!”

மாமா என் தொடையில் கிள்ளினார். நகம் பதிந்துவிட்டது. வாப்பா அண்ணனைப் பார்த்தார். பெரிய வாப்பா குடையை மீண்டும் விரித்துக்கொண்டு, “மறந்துபோச்சு” என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வாப்பாவும் பெரிய வாப்பாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பின் சீட்டில், எங்களோடு ஊருக்கு வந்த மாமாவின் மடியில், துணி மூட்டையோடு நான் கவலையில் இருந்தேன். முந்தின நாள் தன் வாயால் சொன்னதை மறுநாள் மத்தியானத்துக்குள் ஒரு மனிதர் மறக்கிறாரென்றால் அது அந்தக் காய்ச்சலின் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும். இப்படியே விட்டால் கல்யாணத்தன்றும் மறந்துவிடுவார். ராத்தா அறையை விட்டு வரமாட்டாள்.

ஆகையால் மறுநாளிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவர் வீட்டுக்குப் போய், “இன்னும் பத்து நாள்”, “இன்னும் ஒம்பது நாள்” என்று ஞாபகப்படுத்தினேன். ஒரு நாளும் தவறவில்லை. பத்து நாளும் அவர், அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவர் போல, “அப்படியா வாப்பா?” என்றார். கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்பாகவே அவர் வந்து உட்கார்ந்திருந்ததற்கு நான்தான் காரணம் என்று, மீசை முளைக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.